ஜப்பானிய உரையை அச்சுக்குக் கோப்பது: மென்பொருளும் எழுத்துருவும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கையேடு, ஒரு சிறுகதை, ஒரு திருமண அழைப்பிதழ் என்று ஏதோ ஒன்று ஜப்பானிய மொழியில் வந்து சேர்கிறது. "பக்கமாக்கிக் கொடுங்கள்" என்கிறார்கள். அந்த நிலையில் இருப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். நானும் மொழி தெரியாமலே இந்த வேலைக்குள் இழுக்கப்பட்டவன்தான்.

ஜப்பானியம் படிக்கத் தெரியாது. வேலையை ஒப்புக்கொள்ளலாமா?

ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அச்சுக்குப் போகும் முன் படிக்கத் தெரிந்த ஒருவர் பார்த்தே ஆக வேண்டும். அவருக்கான கூலியையும் சேர்த்தே விலை சொல்லுங்கள்.

மொழி தெரியாவிட்டாலும் எழுத்து முறை தெரிந்திருக்க வேண்டும். ஒரே வரியில் மூன்று வகை எழுத்துகள் கலந்து வரும். வளைந்து நெளிந்திருப்பவை ஹிராகானா. கோணலும் நேர்கோடுமாக இருப்பவை கட்டாகானா. வெளிநாட்டுச் சொற்களுக்குப் பெரும்பாலும் இவைதான். அடர்ந்து தெரிபவை சீனத்திலிருந்து வந்த கான்ஜி. அன்றாடப் பயன்பாட்டுக்கென்று ஜப்பான் அரசு 2010இல் திருத்தி அறிவித்த பட்டியலில் மட்டும் 2,136 கான்ஜி எழுத்துகள் உண்டு. சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. எழுத்து ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சதுரக் கட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது.

தமிழ் கோத்துப் பழகியவர்களுக்கு இதில் ஒரு நிம்மதி. நம் கொம்பும் காலும் எழுத்தைச் சுற்றி இடம் மாறி ஒட்ட வேண்டும். மென்பொருள் சொதப்பினால் "கொ" மூன்று துண்டாகிவிடும். ஜப்பானியத்தில் அந்தத் தொல்லை இல்லை. அங்கே எழுத்து உடையாது, வரிதான் உடையும். மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியது அதைத்தான்.

முதலில் எழுத்துருவைத் தேடுவதா, மென்பொருளைத் தேடுவதா?

இரண்டும் இல்லை. உரை எந்தத் திசையில் ஓடப்போகிறது என்று முதலில் கேளுங்கள்.

ஜப்பானில் நாவலும் நாளிதழும் இன்றும் மேலிருந்து கீழாகத்தான் ஓடுகின்றன. வரிகள் வலமிருந்து இடமாக அடுக்கப்படும், புத்தகம் நமக்குப் பின்னட்டையாகத் தோன்றும் பக்கத்திலிருந்து திறக்கும். கணினிக் கையேடு, அறிவியல் நூல், அலுவலகக் கடிதம் போன்றவை கிடைவரியில் இருக்கும். கிடைவரி என்றால் பல மென்பொருள்கள் சமாளித்துவிடும். செங்குத்து என்றதும் பாதிக்கு மேல் கழன்றுகொள்ளும்.

செங்குத்து என்பது எழுத்துகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவது மட்டும் அல்ல. காபியை ஜப்பானியர் "கோ-ஹீ-" என்று கட்டாகானாவில் எழுதுவார்கள்; ஒலி நீள்வதைக் காட்ட ஒரு கிடைக்கோடு வரும். வரி செங்குத்தானால் அந்தக் கோடும் நிமிர்ந்து நிற்க வேண்டும். அடைப்புக்குறிகள் திரும்ப வேண்டும். முற்றுப்புள்ளியாக வரும் குட்டி வட்டம் கிடைவரியில் தன் கட்டத்தின் கீழ் இடது மூலையில் இருக்கும். செங்குத்தில் மேல் வலது மூலைக்கு ஏற வேண்டும். இரண்டிலக்க எண் வந்தால் அதை மட்டும் ஒரே கட்டத்துக்குள் பக்கம் பக்கமாக நிறுத்த வேண்டும். எழுத்துருவுக்குள் இதற்கென்று மாற்று வடிவங்கள் இருக்கும். அவற்றை எடுத்துப் போடத் தெரிந்த மென்பொருள் வேண்டும். ஒவ்வோர் எழுத்துக்குப் பின்னும் என்டர் தட்டி நிறுத்திய "செங்குத்து" உரையில் காபியின் நடுவே கோடு படுத்துக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். ஜப்பானியர் கண்ணுக்கு அது உடனே தெரியும்.

வரிகளை உடைப்பதில் அப்படி என்ன சிக்கல்? இடைவெளியே இல்லையே, எங்கே வேண்டுமானாலும் உடைக்கலாம் அல்லவா?

ஏறக்குறைய எங்கே வேண்டுமானாலும் உடைக்கலாம். அந்த "ஏறக்குறைய"வில்தான் இருக்கிறது எல்லாம். முற்றுப்புள்ளி, காற்புள்ளி, மூடும் அடைப்புக்குறி ஆகியவை வரியின் தொடக்கத்தில் வரக்கூடாது. திறக்கும் அடைப்புக்குறி வரியின் கடைசியில் தொங்கக்கூடாது. சிறிய அளவில் எழுதப்படும் கானா (ஹிராகானா, கட்டாகானா இரண்டுக்கும் பொதுப்பெயர்) எழுத்துகளும் நீட்டல் கோடும் வரித் தொடக்கத்தில் வருவதைக் கண்டிப்பான பதிப்பகங்கள் ஏற்பதில்லை. இந்த விதித் தொகுப்புக்குப் பெயர் கின்சோக்கு.

ஆகாத எழுத்து வரித் தொடக்கத்துக்கு வந்துவிட்டால் இரண்டு வழிகள். முந்தைய வரியை இறுக்கி அதை உள்ளே இழுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் முந்தைய எழுத்தையும் சேர்த்து அடுத்த வரிக்குத் தள்ளலாம். இறுக்குவதற்கு இடம் எங்கே என்றால், நிறுத்தக்குறிகளில்தான். அவை பாதிக் கட்டத்தைத்தான் நிரப்பும், மீதிப் பாதி காலி. மூடும் அடைப்புக்குறிக்குப் பின் திறக்கும் அடைப்புக்குறி வந்தால் இரண்டு காலி இடங்களும் சேர்ந்து பல் விழுந்த வாய்போல் தெரியும். அதையும் சுருக்க வேண்டும். இதற்கெல்லாம் ஜேஐஎஸ் எக்ஸ் 4051 என்று ஒரு தேசியத் தர நிர்ணயமே இருக்கிறது. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு இந்த மரபுகளை விளக்கி ஆங்கிலத்தில் வெளியிட்ட ஆவணம் இலவசமாகக் கிடைக்கும். இந்த வேலையைத் தொடர்ந்து செய்யப்போகிறவர்கள் அதை ஒருமுறையாவது புரட்ட வேண்டும்.

காசு கொடுத்து வாங்குவதென்றால் எது?

அடோபி இன்டிசைன். ஜப்பானியப் பதிப்பகங்களில் பெரும்பாலான வேலை அதில்தான் நடக்கிறது. ஆனால் நம் ஊரில் ஆங்கில மொழியில் நிறுவிக்கொள்ளும் இன்டிசைனில் ஜப்பானிய வசதிகளுக்கான மெனுக்கள் பெரும்பாலும் கண்ணில் படாது. சந்தாச் செயலியின் அமைப்புகளில் நிறுவும் மொழியை ஜப்பானியம் என்று மாற்றி, மறுபடி நிறுவுங்கள். கட்டச் சட்டகம், நிறுத்தக்குறி இடைவெளி அமைப்பு, கான்ஜிக்கு உச்சரிப்பைக் காட்டும் ரூபி எல்லாம் வந்துவிடும். மெனுக்களும் ஜப்பானியத்திலேயே வருவதுதான் அதற்குக் கொடுக்கும் விலை. நான் முதல் வாரம் ஆங்கில மெனுவின் படங்களைத் திரையின் ஓரத்தில் ஒட்டிவைத்துக்கொண்டு வேலை செய்தேன்.

அளவுப் பெட்டியில் பாயின்டுக்குப் பதிலாக "க்யூ" என்று ஓர் அலகைப் பார்ப்பீர்கள். ஒளியச்சுக்கோப்புக் காலத்திலிருந்து வந்தது அது. ஒரு க்யூ என்பது 0.25 மில்லிமீட்டர். 13 க்யூ என்றால் 3.25 மில்லிமீட்டர், அதாவது 9.2 பாயின்ட் அளவு. ஜப்பானிய வடிவமைப்பாளர் பக்கத்தைக் கட்டும் முறைக்கு இது பொருந்தி வருகிறது: எழுத்தின் அளவு, வரிக்கு எத்தனை எழுத்து, பக்கத்துக்கு எத்தனை வரி, வரிகளுக்கு நடுவே எவ்வளவு இடம் என்று முதலில் முடிவு செய்துவிடுவார்கள். ஓர வெளி அதற்குப் பிறகு மிஞ்சுவது. நாம் ஓரத்தை முதலில் வைத்து உள்ளே உரையை ஊற்றுகிறோம்.

இலவசமாக?

கிடைவரியில் பத்து இருபது பக்கம் என்றால் லிப்ரெ ஆபிஸ் போதும். மொழி அமைப்புகளில் ஆசிய மொழி வசதியை இயக்கினால் ரூபியும் செங்குத்துப் பக்கமும் கிடைக்கும். நுணுக்கமான வேலை எதிர்பார்க்காதீர்கள்.

டெக் (TeX) என்ற அச்சுக்கோப்பு மென்பொருளைப் பழகியவர்களுக்குப் பொக்கிஷமே இருக்கிறது. ஆஸ்கி என்ற ஜப்பானிய நிறுவனம் 1980களிலேயே டெக்கை ஜப்பானியத்துக்கு ஏற்பத் திருத்தத் தொடங்கியது. செங்குத்து வரியைக் கையாளும் பி-டெக் அங்கே பிறந்ததுதான். அதை யூனிகோடுக்குக் கொண்டுவந்தது யு-பி-டெக். புதிதாகத் தொடங்குபவர்கள் லுவாடெக்-ஜேஏ எடுத்துக்கொள்வது நல்லது. கணினியில் உள்ள எழுத்துருக்களை நேரடியாக எடுத்துக்கொள்ளும். அதனோடு ஜேஎல்ரெக் என்ற ஆவண வகுப்பைச் சேர்த்தால், நான் மேலே சொன்ன விதிகள் பெரும்பாலும் கேட்காமலே அமைந்துவிடும். டெக்லைவ் தொகுப்பை முழுமையாக நிறுவினால் ஹரானோஅஜி என்ற நல்ல எழுத்துருவும் உடன் வரும்.

இணையப் பக்கம் எழுதத் தெரிந்தவர்கள் விவ்லியோஸ்டைலைப் பாருங்கள். சிஎஸ்எஸ் மொழியிலேயே புத்தகப் பக்கம் கட்டி பிடிஎஃப் எடுக்கலாம், செங்குத்து வரி உட்பட. ஸ்கிரைபஸ் நல்ல மென்பொருள்தான். ஆனால் செங்குத்து ஜப்பானியத்துக்கு அதை நம்பிப் போகாதீர்கள்.

வேர்டிலேயே முடித்துவிட முடியாதா?

கடிதம், அறிக்கை என்றால் முடியும். மொழி அமைப்பில் ஜப்பானியத்தைச் சேர்த்ததும் செங்குத்து, ரூபி வசதிகள் தலைகாட்டும். எழுத்துருப் பட்டியலில் சில பெயர்கள் இரண்டு முறை, ஒன்று "அட்" குறியோடு, வருவதைப் பார்த்துப் பலர் குழம்புகிறார்கள். குறி போட்டது, செங்குத்து உரைக்காக எழுத்துகளைப் பக்கவாட்டில் படுக்கவைத்த பழைய ஏற்பாடு. கை தவறி அதைத் தேர்ந்தெடுத்தால் கிடைவரியில் எல்லா எழுத்தும் சாய்ந்து விழுந்துவிடும். வைரஸ் என்று நினைத்துப் பதற வேண்டாம்.

மின்ச்சோ, கோதிக் என்கிறார்களே, அவை என்ன?

மின்ச்சோ என்பது புத்தக உரைக்கான எழுத்து முகம். செங்கோடு தடிமன், கிடைக்கோடு மெலிவு. கிடைக்கோட்டின் வலது முனையில் ஒரு சிறு முக்கோணம் துருத்தி நிற்கும். அதை உரோக்கோ, அதாவது மீன் செதில் என்பார்கள். கோதிக் என்றால் எல்லாக் கோடும் ஒரே தடிமன். தலைப்பு, அறிவிப்புப் பலகை, திரை ஆகியவற்றுக்கு.

உங்கள் கணினியிலேயே ஏதாவது இருக்கும். மேக் என்றால் ஹிராகினோ. அதைவிட நல்லதைத் தேடி அலையத் தேவையில்லை. விண்டோஸில் யூ கோதிக் இருக்கும். யூ மின்ச்சோ, எம்எஸ் மின்ச்சோ, மெய்ரியோ ஆகியவை விண்டோஸ் 10 முதல் ஜப்பானியத் துணை எழுத்துருக்கள் என்ற பெயரில் தனியாக நிறுத்தப்பட்டிருக்கின்றன. விருப்ப வசதிகளுக்குள் போய் நிறுவிக்கொள்ள வேண்டும். "நேற்றுவரை இருந்தது, புதுக் கணினியில் காணோம்" என்பவர்களுக்கு இதுதான் பதில். எம்எஸ் மின்ச்சோ திரைக்காகவே வளர்ந்த முகம், அச்சில் சோகையாகத் தெரியும். என் கையால் அதில் ஒரு புத்தகம் செய்ய மாட்டேன்.

நம்பி எடுக்கக்கூடிய இலவச எழுத்துருக்கள்?

அடோபியும் கூகுளும் சேர்ந்து 2014இல் வெளியிட்ட கோதிக் முகம், 2017இல் வெளியிட்ட மின்ச்சோ முகம். அடோபி பெயரில் சோர்ஸ் ஹான், கூகுள் பெயரில் நோட்டோ சிஜேகே, பொருள் ஒன்றுதான். சீனம், ஜப்பானியம், கொரியம் மூன்றையும் தாங்கும் முழுக் கோப்பில் 65,535 வடிவங்கள் இருக்கின்றன. ஓர் எழுத்துருக் கோப்புக்குள் அடங்கக்கூடிய உச்சவரம்பே அவ்வளவுதான். திறந்த உரிமம் என்பதால் வணிகப் பயன்பாட்டுக்கும் தடையில்லை.

மொரிசாவா நிறுவனத்தின் பிஸ் யூடி கோதிக், பிஸ் யூடி மின்ச்சோ இரண்டும் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. மூத்த வாசகர்களுக்கான உரை என்றால் முதலில் இவற்றைப் போட்டுப் பாருங்கள். இலக்கியத்துக்கு ஷிப்போரி மின்ச்சோ பழைய உலோக அச்சின் வாசனையோடு இருக்கும். ஐபிஏ மின்ச்சோ, ஐபிஏ கோதிக் இரண்டும் நேர்மையான உழைப்பாளிகள்.

இவற்றைத் தாண்டி இணையத்தில் "இலவச ஜப்பானிய எழுத்துரு" என்று குவிந்து கிடப்பவற்றில் பல, ஹிராகானாவும் கட்டாகானாவும் மட்டுமே உள்ளவை. கான்ஜி வந்ததும் மென்பொருள் சத்தமில்லாமல் வேறு எழுத்துருவுக்குத் தாவிவிடும்.

எழுத்துருப் பெயரின் வாலில் "பிஆர்6என்" என்றெல்லாம் வருகிறதே?

அதில் எத்தனை வடிவங்கள் இருக்கின்றன என்பதைச் சொல்லும் வால் அது. "எஸ்டிடி" என்றால் அடோபியின் கணக்குப்படி 9,354 வடிவங்கள். "ப்ரோ" 15,444. "பிஆர்6" என்றால் 23,058. கடைசியில் "என்" இருந்தால் 2004இல் திருத்திய ஜப்பானியத் தேசியத் தரத்தின்படியான வடிவங்கள் முதலில் வரும்.

அந்தத் திருத்தத்தில் 168 எழுத்துகளின் மாதிரி வடிவம் மாறியது. சின்ன மாற்றம்தான், ஆனால் ஊர்ப் பெயரில் வந்தால் சின்னது அல்ல. தோக்கியோவின் கட்சுஷிகா வட்டாரமும் நாரா மாவட்டத்தின் கட்சுராகி நகரமும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. கட்சுஷிகா அதன் அடிப்பகுதியை ஒரு வடிவத்தில் எழுதுகிறது, கட்சுராகி இன்னொரு வடிவத்தில். "என்" உள்ளதும் இல்லாததுமாக எழுத்துருவை மாற்றினால் ஓர் ஊரின் பெயர் உங்களை அறியாமலே மாறும்.

வாடிக்கையாளர் "இது சீன எழுத்துபோல் இருக்கிறது" என்கிறார். உரையில் பிழை ஒன்றும் இல்லையே?

அவர் சொல்வது சரி. எனக்கும் நேர்ந்திருக்கிறது, அச்சான பிறகு.

யூனிகோடில் சீனக் கான்ஜியும் ஜப்பானியக் கான்ஜியும் பெரும்பாலும் ஒரே எண்ணைப் பகிர்ந்துகொள்கின்றன. எந்த நாட்டு வடிவம் காகிதத்தில் விழும் என்பதை எழுத்துருதான் முடிவு செய்கிறது. "நேர்" என்று பொருள்படும் எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானிய வடிவத்தில் இடப்பக்கம் ஒரு கோடு இறங்கி, கீழே வலப்பக்கமாகத் திரும்பி எழுத்தைத் தாங்கும். சீன வடிவத்தில் அந்தத் திருப்பம் இல்லை. அடியில் ஒரு நேர்கோடு மட்டும். "எலும்பு" என்ற எழுத்தில் மேலே உள்ள குட்டிப் பெட்டி ஜப்பானியத்தில் வலமூலையில் இருக்கும், மக்கள் சீன வடிவத்தில் இடமூலையில்.

காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: நீங்கள் தேர்ந்தெடுத்த எழுத்துருவில் கான்ஜி இல்லை, கணினி கையில் கிடைத்த சீன எழுத்துருவை எடுத்து ஒட்டிவிட்டது. நோட்டோ எடுக்கும்போது பெயரின் இறுதியில் "ஜேபி" உள்ளதை எடுங்கள். "எஸ்சி", "டிசி" சீனத்துக்கு. இணையப் பக்கம் என்றால் உரைக்கு ஜப்பானிய மொழிக்குறி கட்டாயம் இடுங்கள். அச்சுக்கு அனுப்பும் முன் பிடிஎஃப் கோப்பின் பண்புகளில் எழுத்துருப் பட்டியலைத் திறந்து, நீங்கள் போடாத பெயர் ஏதாவது நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை. அன்று நான் அதைச் செய்யவில்லை.

ஒருவருடைய பெயரில் மட்டும் வெற்றுக் கட்டம் வருகிறது.

ஜப்பானியக் குடும்பப் பெயர்களில் வழக்கமான எழுத்தின் கிளை வடிவங்கள் உண்டு. தக்காஹாஷி என்ற பெயரின் முதல் எழுத்தில் நடுவே ஒரு பெட்டி இருக்கும். சில குடும்பங்கள் அந்த இடத்தில் ஏணிபோல எழுதுகின்றன. அதற்கு "ஏணித் தக்கா" என்றே பெயர். யோஷிதாவின் முதல் எழுத்தில் மேலே இரண்டு கிடைக்கோடுகள். மேற்கோடு நீளமா, கீழ்க்கோடு நீளமா என்பதில் குடும்பங்கள் வேறுபடும். கீழ்க்கோடு நீண்ட வடிவம் யூனிகோடில் வெகு தொலைவில் இருப்பதால் பழைய மென்பொருள்கள் தடுமாறும். பிஆர்6என் வகையோ, சோர்ஸ் ஹானோ போட்டால் பெரும்பாலும் தீரும். அரசுப் பதிவுகளுக்காக ஏறக்குறைய 60,000 வடிவங்களோடு ஐபிஏ எம்ஜே மின்ச்சோ என்று ஒன்றும் இலவசமாக உண்டு. "எளிய வடிவத்தையே போட்டுவிடலாமா" என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். பெயருக்கு உரியவரிடம் கேளுங்கள்.

ரூபி என்றால் என்ன?

கான்ஜிக்கு மேலே, செங்குத்தில் வலப்பக்கம், உச்சரிப்பைக் காட்டும் பொடி எழுத்து. உரையின் பாதி அளவில் இருக்கும். பெயர் ஜப்பானியம் அல்ல. பிரிட்டிஷ் அச்சுக்கோப்பவர்கள் 5.5 பாயின்ட் எழுத்தை ரூபி என்று அழைத்தார்கள், ஜப்பானில் 10.5 பாயின்ட் உரைக்குத் துணையாக வந்த பொடி எழுத்து அந்த அளவை ஒட்டியிருந்ததால் பெயர் ஒட்டிக்கொண்டது. ஜப்பானிய வேர்டில் உரையின் இயல்பளவு நெடுங்காலம் 10.5 பாயின்டாகவே இருந்தது.

சாய்வெழுத்து போடலாமா?

கூடாது. ஜப்பானியத்தில் அப்படி ஒரு மரபே இல்லை. மென்பொருள் கட்டத்தைப் பிடித்துத் தள்ளி ஒரு பொய்ச் சாய்வு தரும், அவ்வளவுதான். அழுத்தம் வேண்டுமென்றால் ஒவ்வோர் எழுத்தின் அருகிலும் ஒரு புள்ளி வைப்பார்கள். செங்குத்து வரியில் அது எள் வடிவில் இருக்கும்.

மாங்கா என்ற ஜப்பானியப் படக்கதைகளின் பேச்சுக் குமிழிகளுக்கு எந்த எழுத்துரு?

ஒன்று அல்ல, இரண்டு. கான்ஜிக்குக் கோதிக், கானாவுக்கு மின்ச்சோவைத் தடித்ததுபோன்ற அன்டிக். இந்தக் கலவைதான் அச்சு மாங்காவின் முகம். இன்டிசைனில் கூட்டு எழுத்துரு வசதியில் நீங்களே சேர்த்துக்கொள்ளலாம். இலவசமாக வேண்டுமென்றால் கென்எய் அன்டிக் அப்படிச் சேர்த்தே கிடைக்கிறது.

மொழி கற்பவர்களுக்கான பாடநூல் செய்கிறேன்.

அப்படியென்றால் மின்ச்சோவையும் கோதிக்கையும் விட்டுவிட்டு, பாடநூல் முகமான க்யோக்காஷோ வகையைத் தேடுங்கள். ஹிராகானாவில் "கி", "ச" இரண்டையும் கையால் எழுதும்போது அடி வளைவு தனியாகப் பிரிந்து நிற்கும். அச்சு முகங்களில் அது மேற்கோட்டோடு ஒட்டிவிடும். கற்பவர் அச்சைப் பார்த்து எழுதினால் தப்பாகவே பழகுவார். விண்டோஸில் யூடி டிஜிட்டல் க்யோக்காஷோ, மேலே சொன்ன ஜப்பானியத் துணை எழுத்துருக்களோடு வருகிறது. இலவசமாக வேண்டுமென்றால், பென்சிலால் எழுதியதுபோல் இருக்கும் க்ளீ ஒன்.

உரிமம், பிடிஎஃப் பற்றி?

"இலவசம்" என்று எழுதியிருந்தால் வணிகப் பயன்பாட்டுக்கும் இலவசமா என்று தனியாகப் பாருங்கள். ஜப்பானியத் தளங்கள் இந்த இரண்டையும் பிரித்தே எழுதுகின்றன. மேக்கில் உள்ள ஹிராகினோவை நகலெடுத்து விண்டோஸுக்குக் கொண்டுபோகாதீர்கள். மொரிசாவா போன்றவற்றின் முகங்கள் சந்தாவில் கிடைக்கும், அவற்றில் சில அடோபி சந்தாவுக்குள்ளேயே வருகின்றன.

பிடிஎஃப் எடுக்கும்போது எழுத்துருவை உள்ளே பொதியுங்கள். பயன்படுத்திய எழுத்துகள் மட்டும் பொதியும்படி வைத்தால் கோப்பு பருக்காது. அச்சகத்துக்கு அனுப்பும்போது பிடிஎஃப்பை மட்டும் அனுப்புங்கள். மூலக் கோப்பைக் கொடுத்தால், எழுத்துரு இல்லாத ஒரு கணினியில் யாரோ திறந்து, வரும் எச்சரிக்கைக்கு "சரி" என்று அமுக்கிவிடுவார்கள். நான் மேலே சொன்ன "நேர்" என்ற எழுத்து அப்படித்தான் ஆயிரம் பிரதிகளில் சீனமாகப் போயிற்று.